'சர்வர் டவுன்' என்பது பதில் அல்ல. வெப் அப்ளிகேஷனுக்கான அளவுகளை டெண்டரிலேயே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பமாகட்டும், வீட்டு வரியாகட்டும், தண்ணீர்க் கட்டணமாகட்டும், கடைசி நாள் சாயங்காலம் தளம் நின்றுபோனது என்ற புகார் ஆண்டு தவறாமல் வருகிறது. பதிலும் மாறுவதில்லை: "ஒரே நேரத்தில் நிறைய பேர் வந்துவிட்டார்கள், சர்வர் டவுன்." நிறைய பேர் வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாத சங்கதியா? கடைசி தேதியை அறிவித்ததே அந்த அலுவலகம்தானே!

கடலூரிலும் புதுச்சேரியிலும் வெப் அப்ளிகேஷன் பராமரிப்பு வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். வேலை உத்தரவுகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "தளம் வேகமாகவும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும்." இதை எதைக் கொண்டு அளப்பது? எதை அளக்கப் போகிறோம், எந்த இடத்தில் நின்று அளக்கப் போகிறோம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த எண்ணைத் தாண்டினால் ஒப்பந்ததாரர் பொறுப்பு என்பதெல்லாம் தளம் திறப்பதற்கு முன்பே, டெண்டரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்காணிப்பு மென்பொருள் தானாகக் காட்டும் சிபியு, மெமரி, டிஸ்க் படங்களை ஒட்டி மாதா மாதம் ஓர் அறிக்கை வரும். அதில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

வேகத்திலிருந்து தொடங்குகிறோம். "பக்கம் சராசரியாக 2 விநாடிக்குள் திறக்க வேண்டும்" என்று எழுதுவார்கள். 100 ரிக்வெஸ்ட்டில் (பயனரின் பிரவுசர் தளத்திடம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு ரிக்வெஸ்ட்) 90க்கு 0.3 விநாடியிலும் மீதி 10க்கு 12 விநாடியிலும் பதில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.47 விநாடி. ஒப்பந்தப்படி தேர்ச்சி! பத்தில் ஒருவர் மட்டும் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே சராசரி என்ற சொல்லே ஒப்பந்தத்தில் வரக்கூடாது. பி95 என்று கேட்க வேண்டும். 100 ரிக்வெஸ்ட்டையும் வேகமானதில் தொடங்கி மெதுவானது வரை அடுக்கினால், 95ஆவது இடத்தில் நிற்பது எடுத்துக்கொண்ட நேரம்தான் பி95. மேலே சொன்ன கணக்கில் அது 12 விநாடி.

எங்கள் கணிப்பில் ஊரளவிலான ஒரு சேவைக்குத் தகவல் பக்கங்களின் பி95 1 விநாடி, படிவத்தைச் சேமிப்பது 2 விநாடி, பணம் கட்டும் பக்கத்துக்குப் போவது 3 விநாடி என்று வைப்பது நியாயம். இவற்றைத் தனித்தனியே அளக்க வேண்டும். முகப்புப் பக்கம் கேஷிலிருந்து (தயாராக எடுத்து வைத்த நகலிலிருந்து) மில்லி விநாடிகளில் போய்விடும், எண்ணிக்கையிலும் அதுவே அதிகம். எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கினால் படிவம் சேமிக்கும் பக்கத்தின் அவலம் அதற்குள் கரைந்துவிடும். அதேபோல மாதத்துக்கு ஒரே எண் என்பதும் ஏமாற்று. 5 நிமிடத்துக்கு ஒரு பி95 கணக்கிட்டு, எத்தனை 5 நிமிடங்கள் வரம்பு மீறின என்று எண்ண வேண்டும். இரண்டு சர்வர் இருந்தால் இரண்டின் பி95ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. இரண்டு சர்வரின் ஹிஸ்டோகிராம் எண்ணிக்கைகளையும் (எத்தனை விநாடிக்குள் எத்தனை ரிக்வெஸ்ட் முடிந்தன என்று படிப்படியாக எண்ணிய கணக்கு) முதலில் சேர்த்துவிட்டுத்தான் பி95 எடுக்க வேண்டும்.

கருவிகள் தயாராகக் கொண்டுவரும் அளவுகளை அப்படியே நம்பினால் இதிலேயே சறுக்கும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய அப்ளிகேஷனை ப்ரோமீத்தியஸ் என்ற கண்காணிப்புக் கருவியுடன் இணைத்தால், ரிக்வெஸ்ட் நேரத்துக்கு எண்ணிக்கை, மொத்தம், உச்சம் ஆகிய மூன்றுதான் இயல்பாக வரும். அதை வைத்துச் சராசரிதான் போட முடியும். பி95 வேண்டுமென்றால் ஹிஸ்டோகிராமைத் தனியாக இயக்க வேண்டும். கோ, பைத்தான் மொழிகளுக்கான ப்ரோமீத்தியஸ் லைப்ரரிகளில் ஹிஸ்டோகிராம் இருக்கும், ஆனால் அதன் கடைசிப் படி 10 விநாடியோடு முடிகிறது. ஒரு ரிக்வெஸ்ட் 11 விநாடி எடுத்தாலும் 55 விநாடி எடுத்தாலும் ஒரே பெட்டிக்குள்தான் விழும், பி99 (100இல் 99ஆவது இடம்) கோடும் சரியாக 10இல் போய்ப் படுத்துவிடும். வரைபடத்தில் கோடு 10இல் அசையாமல் நேராகப் போனால் "10 விநாடிதான் ஆகிறது" என்று படிக்காதீர்கள். அளவுகோல் அங்கே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். படிகளை 20, 30, 60 விநாடி வரை நீட்டுங்கள். உங்கள் வரம்பு 2 விநாடி என்றால் 2 என்ற எண்ணிலேயே ஒரு படி இருக்கட்டும். இயல்பான படிகள் 1க்குப் பிறகு 2.5க்குத் தாவுவதால் 2 விநாடியை மீறியவை எத்தனை என்பது தோராயமாகத்தான் கிடைக்கும்.

அளக்கும் இடம் இன்னொரு சண்டை. பயனரின் ரிக்வெஸ்ட்டை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் எஞ்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் முன்னால் நிற்கும் தளங்களில் அதன் லாக்கில் (பதிவுக் கோப்பில்) இரண்டு நேரங்களைப் பதியலாம். ரிக்வெஸ்ட் டைம் என்பது பயனரிடமிருந்து முதல் பைட் வந்ததிலிருந்து கடைசி பைட் அனுப்பி முடித்தது வரை. அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் என்பது உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் எடுத்துக்கொண்டது. எஞ்ஜின்எக்ஸின் இயல்பான லாக் வடிவத்தில் இரண்டுமே கிடையாது, நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் ஒரு வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் எண் 28.4, இரண்டாவது 0.3 என்றால் அப்ளிகேஷன் குற்றவாளி இல்லை; பயனரின் நெட்வொர்க் மெதுவானது அல்லது பக்கம் தடித்தது. இரண்டுமே 28 என்றால் உள்ளேதான் கோளாறு. இந்த இரண்டு எண் இல்லாத லாக்கை வைத்துக்கொண்டு "உங்கள் நெட்தான் ஸ்லோ" என்று யாராவது சொன்னால் அது ஊகம்.

அடுத்தது பிழைகள். ஒவ்வொரு பதிலோடும் ஒரு ஸ்டேட்டஸ் எண் போகும்: 200 என்றால் வெற்றி, நானூறு வரிசை பயனர் தவறு, ஐந்நூறு வரிசை சர்வர் கோளாறு. 500, 502, 503, 504 ஆகிய ஐந்நூறு வரிசையை மட்டும் எண்ணி, மொத்தத்தில் 0.5 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று கணக்குக் காட்டுவது வழக்கம். விடுபடுபவை மூன்று. முதலாவது 499. பதில் வருவதற்குள் பயனரே தாவலை மூடினாலோ ரிஃப்ரெஷ் அழுத்தினாலோ எஞ்ஜின்எக்ஸ் தன் லாக்கில் எழுதும் எண் இது. எஞ்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி காத்திருந்துதான் 504 தரும். நம் ஆட்கள் 15, 20 விநாடியில் பொறுமை இழந்துவிடுவார்கள். அதனால் தளம் திணறத் தொடங்கும்போது முதலில் ஏறுவது 499தான், 504 பிறகுதான் தலைகாட்டும். 499ஐ எண்ணாத ஒப்பந்தம் பாதிப் புகாரைக் கண்டுகொள்ளாத ஒப்பந்தம்.

இரண்டாவது 413. படிவத்தில் "சான்றிதழ் 2 எம்பி வரை" என்று போட்டிருக்கும், ஆனால் எஞ்ஜின்எக்ஸின் இயல்பான உச்சவரம்பு 1 எம்பி. 1.4 எம்பி சாதிச் சான்றிதழை ஏற்றுகிற மாணவருக்கு 413 வரும். அது நானூறு வரிசை, அதாவது "பயனர் தவறு" என்ற கணக்கில் போய்ச் சேரும். தவறு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள். இதேபோலக் கூட்டத்தைத் தடுக்கத் தளமே 429 கொடுத்துத் திருப்பி அனுப்புவதையும் பிழையாகத்தான் எண்ண வேண்டும்.

மூன்றாவது, பொய்யான 200. டேட்டாபேஸ் விழுந்ததும் அப்ளிகேஷன் அழகான "மன்னிக்கவும், சிறிது நேரம் கழித்து முயலவும்" பக்கத்தைக் காட்டும், ஆனால் ஸ்டேட்டஸ் எண் 200 என்றே போகும். கண்காணிப்புக் கருவிக்கு அது வெற்றி. ஆகவே கருவி அந்த எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய ஒரு சொல்லைத் தேட வேண்டும். தளம் உயிரோடு இருக்கிறதா என்று கருவி கேட்கும் ஹெல்த் செக் பக்கமும் டேட்டாபேஸில் ஒரு சின்ன வினவலாவது (தகவல் கேட்கும் கட்டளை) ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.

இப்போது, "சிபியு 20 சதவீதம்தான் ஓடுகிறது, சர்வரில் பிரச்சினையே இல்லை" என்ற புகழ்பெற்ற வாதத்துக்கு வருவோம். சிபியு சும்மா இருப்பதும் தளம் செத்துக் கிடப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வரில் வேலை செய்யும் திரெட்கள் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் ஆட்கள் போல) இயல்பாக 200. ஸ்பிரிங் பூட்டில் டேட்டாபேஸுக்குப் போக ஹிகாரி என்ற பகுதி வைத்திருக்கும் இணைப்புகள் இயல்பாக 10. ஒவ்வொரு வேலையும் இணைப்பை 0.2 விநாடி பிடித்திருந்தால் விநாடிக்கு 50 வேலை முடியும். விண்ணப்பங்கள் சில ஆயிரமாக இருந்தவரை வேகமாக ஓடிய ஒரு வினவல், அட்டவணை லட்சம் வரிகளைத் தாண்டியதும் விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லாததால் 2 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 10 இணைப்பு இப்போது விநாடிக்கு 5 வேலைதான் முடிக்கும். வருவதோ 50. விநாடிக்கு 45 பாக்கி சேர, நாலைந்து விநாடியில் 200 திரெட்டும் இணைப்புக்காக வரிசையில் நின்றுவிடும். 30 விநாடி காத்தும் கிடைக்காவிட்டால் ஹிகாரி பிழை எறியும். இத்தனை பேரும் காத்திருக்கிறார்கள், கணக்குப் போடவில்லை. அப்ளிகேஷன் சர்வரின் சிபியு எப்படி ஏறும்? வங்கியில் 200 பேர் டோக்கனுடன் நிற்க, ஒரே ஒரு கவுன்டர் திறந்திருக்கும்போது மின்விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பார்ப்பது போலத்தான் இது.

அளக்க வேண்டியவை: வேலையில் இருக்கும் திரெட்கள், பிடிபட்டிருக்கும் இணைப்புகள், இணைப்புக்காகக் காத்திருப்போர். திரெட் 70 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை. காத்திருப்போர் எண்ணிக்கை ஒரு நிமிடம் தொடர்ந்து சுழியத்துக்கு மேலே இருந்தால் போனில் அழைப்பு. ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட்டின் உள் எண்ணிக்கைகளை வெளியே தரும் எம்பீன் ரிஜிஸ்ட்ரி இயல்பாக அணைந்தே இருக்கும், அதை இயக்காவிட்டால் திரெட் எண்ணிக்கை வரைபடத்துக்கு வரவே வராது. அவசரத்தில் செய்யும் வைத்தியமும் ஒன்று உண்டு: இணைப்புகளை 10இலிருந்து 60 ஆக்குவது. இரண்டு அப்ளிகேஷன் சர்வர் இருந்தால் 120 ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக ஏற்பது 100. முன்பு மெதுவாக ஓடிய தளம் இப்போது அடியோடு பிழை எறியும். வினவலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எவ்வளவு நேரம் தளம் கிடைக்கிறது என்பதில் பலரும் சதவீதத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். 30 நாள் மாதத்தில் 99.5 சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம் தளம் நிற்கலாம். 99.9 என்றால் 43 நிமிடம். அந்த 3 மணி நேரத்தையும் கடைசி நாள் மாலை 6 முதல் 9 வரை செலவழித்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை! ஒரு கணக்குக்கு, மாதம் முழுவதும் 2 லட்சம் படிவங்கள் அனுப்பப்பட்டு, அதில் அந்த மூன்று மணி நேரத்தில் வந்த 20,000 தோற்றுப்போனால், நேரக் கணக்கில் 99.58 சதவீதம், ரிக்வெஸ்ட் கணக்கில் 90 சதவீதம். ஆகவே நிமிடங்களை எண்ணாமல் தோற்ற ரிக்வெஸ்ட்களை எண்ணுங்கள். "திட்டமிட்ட பராமரிப்பு நேரம் கணக்கில் வராது" என்ற விதிவிலக்குக்கும் கடிவாளம் வேண்டும்: 72 மணி நேரம் முன்னறிவிப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5க்குள் மட்டும், மாதம் 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது, கடைசி தேதிக்கு முந்தைய ஒரு வாரம் அறவே கூடாது. இந்த வரிகள் இல்லாவிட்டால் ஒவ்வொரு விபத்தும் மறுநாள் பராமரிப்பு என்று பெயர் மாறிவிடும்.

எச்சரிக்கை மணியை எப்போது அடிப்பது? பிழை 1 சதவீதத்தைத் தொட்ட உடனே அடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வந்த பத்து ரிக்வெஸ்ட்டில் ஒன்று தோற்றதற்காக ஆளை எழுப்பும். ஒரு வாரத்தில் அவர் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவார். கூகுள் பொறியாளர்கள் பரவலாக்கிய ஒரு கணக்கு நன்றாக வேலை செய்கிறது. மாதத்துக்கு அனுமதித்த பிழை 0.5 சதவீதம் என்றால், அதைப்போல 14.4 மடங்கு, அதாவது 7.2 சதவீதப் பிழை ஒரு மணி நேரம் நீடித்தால் மாத ஒதுக்கீட்டில் 2 சதவீதம் கரைந்துபோகும். கடைசி ஒரு மணி நேரத்திலும் கடைசி 5 நிமிடத்திலும் பிழை 7.2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் போன் அடிக்கட்டும். 5 நிமிடக் கட்டுப்பாடு இருப்பதால் கோளாறு சரியானதும் மணியும் நின்றுவிடும். கூடவே, 5 நிமிடத்தில் குறைந்தது 100 ரிக்வெஸ்ட் வந்திருக்க வேண்டும் என்றும் சேருங்கள்.

தொழில்நுட்ப அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் வேலை முடியாமல் போகிற இடங்கள் இரண்டு: ஓடிபியும் பணமும். ஓடிபி 5 நிமிடம் செல்லும் என்றால், அனுப்பியது முதல் பயனர் அதைத் தட்டச்சு செய்தது வரையான நேரத்தின் பி95 1 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். "எஸ்எம்எஸ் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்பதோடு கணக்கை முடிக்கக் கூடாது. அனுப்பிய ஓடிபிகளில் பயன்படுத்தப்பட்டவை எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண் திடீரென்று சரிந்தால், கோளாறு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

பணத்தில், கணக்கிலிருந்து தொகை போய் ரசீது வராத நிலைதான் மக்களை அலைக்கழிக்கிறது. பணம் கட்டியபின் பயனரின் பிரவுசர் தளத்துக்குத் திரும்புவதை மட்டும் நம்பி ரசீது போட்டால், நடுவில் நெட் போனவர்களுக்கு ரசீது கிடைக்காது. பணத்தை வாங்கித் தரும் இடை நிறுவனமான பேமென்ட் கேட்வேயின் சர்வர் நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலையும் வாங்க வேண்டும். அதுவும் வராவிட்டால் நாமே 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைக் கேட்க வேண்டும். அளவு: 15 நிமிடத்துக்கு மேல் தொங்கலில் இருக்கும் பரிவர்த்தனைகள் எத்தனை. இது எப்போதும் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் பணம் கழிந்து வணிகருக்கு உறுதிச் செய்தி போகாத பரிவர்த்தனைகளை 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. ஆனால் நாளை மறுநாள் திரும்பும் பணத்தால் இன்றோடு முடியும் விண்ணப்பத்துக்கு என்ன பயன்?

பயனரின் போனில் எப்படித் தெரிகிறது என்பதற்குக் கூகுளின் மூன்று அளவுகள் இருக்கின்றன: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவது, தொட்டதற்கு 200 மில்லி விநாடிக்குள் திரை அசைவது, எழுத்துகள் இடம் தாவாமல் இருப்பது. நூற்றில் 75 வருகைகளுக்காவது இவை பொருந்த வேண்டும் என்பது அதன் விதி. டெண்டரில் சேர்க்கலாம், ஆனால் கூகுள் வெளியிடும் எண்கள் கடந்த 28 நாள்களின் தொகுப்பு என்பதால் கடைசி நாள் நெரிசலை அது காட்டாது. எளிதாகச் சரிபார்க்கக்கூடியது பக்கத்தின் எடை. அமைச்சர் படமும் சுழலும் பேனர்களுமாக 4 எம்பி இருக்கும் முகப்பு, விநாடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும் மொபைல் நெட்டில் இறங்க 16 விநாடி ஆகும். எந்த சர்வரை மாற்றினாலும் இது குறையாது. 500 கேபிக்கு மேல் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

இந்தக் கடற்கரைக்கு மட்டும் அவசியமான ஓர் அளவு உண்டு. 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல் வந்த நாள்களில் மின்சாரமும் செல்போன் டவர்களும் போய்விடும்; தளத்துக்கு யாரும் வர முடியாது. அப்போது பிழை சுழியம், வேகம் அபாரம், வரைபடங்கள் வருடத்திலேயே மிக அழகாக இருக்கும். ஆகவே ரிக்வெஸ்ட் எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பும் வேண்டும்: போன வாரம் இதே கிழமை, இதே மணியில் வந்ததில் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் தகவல் வர வேண்டும். அந்த எண்ணை நிர்வாகத்திடம் காட்டித்தான் கடைசி தேதியை நீட்டிக்கக் கேட்க முடியும். வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும் கருவிகளில் ஒன்றாவது கடலூரிலோ புதுச்சேரியிலோ மொபைல் சிம்மில் ஓடட்டும். டேட்டா சென்டருக்குள்ளிருந்து பார்த்தால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) கோளாறுகூடத் தெரியாது.

சின்னச் சின்ன விஷயங்களில் இரண்டு மட்டும். டிஸ்க் 80 சதவீதம் நிறைந்தால் எச்சரிக்கை. கடைசி நாளில் லாக் கோப்புகளே பல மடங்கு பெருகும். தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் வழக்கமாக 90 நாள் செல்லும், 30 நாள் மீதி இருக்கும்போது கருவி அதைத் தானாகப் புதுப்பிக்கும். 20 நாள்தான் மீதி என்று தெரிந்தால் புதுப்பித்தல் தோற்றுவிட்டது என்று பொருள். இதை வெளியிலிருந்து தளத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கோப்பு புதிதாக இருந்தும் எஞ்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாததால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும் தளங்கள் உண்டு.

லாக் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். அந்த லாக்கின் நகல் தினமும் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி போதும். வரம்பு மீறப்பட்டதா என்று அளப்பவரும் அதற்காக அபராதம் கட்ட வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் மேலே எழுதியவை எல்லாம் காகிதம்தான். இறுதித் தொகையைக் கொடுப்பதற்கு முன், போன ஆண்டு கடைசி நாள் உச்சத்தைப்போல இரண்டு மடங்கு சுமையை ஜேமீட்டர் போன்ற கருவியால் 30 நிமிடமும், சாதாரணச் சுமையை 8 மணி நேரமும் ஏற்றிப் பார்க்கட்டும். மெமரி கசிவு (பயன்படுத்திய மெமரியை விடுவிக்காமல் சேர்த்துக்கொண்டே போவது) இரண்டாவது சோதனையில்தான் வெளிவரும். உண்மையான டேட்டாபேஸ் அளவுக்குப் போலித் தரவு நிரப்பிச் செய்ய வேண்டும். காலி அட்டவணையில் எந்த வினவலும் வேகமாகத்தான் ஓடும்.

தளக் கோளாறு பற்றி இப்பகுதிக்கு எழுதும் வாசகர்களுக்கும் ஒன்று: "தளம் வேலை செய்யவில்லை" என்பதோடு நிறுத்தாமல், தேதி, மணி நிமிடம், எந்தப் பக்கம், எந்த நெட்வொர்க், திரையில் வந்த எண் ஆகியவற்றையும் குறித்து அனுப்புங்கள். 502 என்றால் உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் விழுந்திருக்கலாம், 503 என்றால் தளமே இப்போது ஏற்க மறுக்கிறது, 504 என்றால் உள்ளேயிருந்து பதில் வர நேரமாகிறது. மணி நிமிடம் இருந்தால் லாக்கில் அந்த வரியை எடுத்துவிடலாம். பிறகு "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
வெப் அப்ளிகேஷன் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி மற்றும் திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.